ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களின் மன உளைச்சலை அளக்க என்ன கேட்க வேண்டும்?

வைகைக்கரை:

வணக்கம். சமூக மருத்துவத்தில் எம்.டி. படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக எங்கள் மாவட்டத்தில் சில வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்களிடம் இரண்டு விஷயங்களை அளக்கப் போகிறேன். ஒன்று, பிரச்சினை வந்தால் முகம் கொடுக்காமல் தள்ளிப்போடுவது, நினைக்காமல் இருக்கப் பார்ப்பது, கைவிட்டுவிடுவது போன்ற தவிர்ப்புப் பழக்கம். இன்னொன்று மன உளைச்சல். மருத்துவர், ஸ்டாஃப் நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், சுகாதார ஆய்வாளர் எல்லோரும் இதில் வருவார்கள்.

தவிர்ப்புக்கு சார்லஸ் கார்வர் 1997ல் வெளியிட்ட பிரீஃப் கோப் என்ற வினாப்பட்டியல், பிரச்சினைகளை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்பது. 28 கேள்விகள், 14 உட்பிரிவுகள், பிரிவுக்கு இரண்டு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். அதில் கவனத்தைத் திருப்புவது, நடந்ததை மறுப்பது, போதைப்பொருள், முயற்சியைக் கைவிடுவது, கொட்டித் தீர்ப்பது, தன்னையே குறை சொல்லிக்கொள்வது என்ற ஆறு பிரிவுகளைக் கூட்டி 12 முதல் 48 வரை ஒரே 'தவிர்ப்பு மதிப்பெண்' ஆக்கலாம் என்று திட்டம். மன உளைச்சலுக்கு கெஸ்லரின் கே10, கடந்த நான்கு வாரங்களைப் பற்றிய பத்துக் கேள்விகள், மொத்தம் 10 முதல் 50 வரை வரும். மாதாந்திர ரிவியூ மீட்டிங்குக்கு எல்லோரும் வட்டார அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள், அங்கேயே படிவத்தைக் கொடுத்து வாங்கிவிடு என்கிறார் என் வழிகாட்டி. நெறிமுறைக் குழுவுக்குப் போகும் முன் இதில் எங்கெல்லாம் ஓட்டை இருக்கிறது என்று களத்தில் இருப்பவர்களும் அளவீடு தெரிந்தவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

செவிலிஅக்கா:

ரிவியூ மீட்டிங்கில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் டாக்டர். அந்த அறையில் உட்கார்ந்து 'எனக்கு நம்பிக்கையே போய்விட்டது' என்று யாரும் டிக் போட மாட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னால் அதே நாற்காலியில்தான் டார்கெட் ஏன் குறைந்தது என்று எழுப்பி நிற்கவைத்துக் கேட்டிருப்பார்கள். பேர் எழுத வேண்டாம் என்று சொன்னாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என் கை எங்கே போகிறது என்று தெரியும்.

அதை விட எனக்கு உறுத்துவது கேள்விகள்தான். நான் கிராம சுகாதார செவிலியர், பாதி வயது இந்த வேலையிலேயே போய்விட்டது. சில வருஷம் முன்னால் என் துணை சுகாதார நிலையத்துக்கு உட்பட்ட ஒரு தாய், பிரசவமாகி ரெஃபர் போன இடத்தில் இறந்துவிட்டாள். ஏழாம் மாதத்திலிருந்தே ஹை ரிஸ்க் என்று எழுதி, வீட்டுக்குப் போய்ப் போய்ச் சொல்லி, எல்லாம் செய்தும் அப்படி ஆகிவிட்டது. தாய் மரண ஆய்வில் தேதிவாரியாகக் கேட்டார்கள், பதில் சொன்னேன். மறு புதன்கிழமை தடுப்பூசி நாள். அந்த வீட்டைத் தாண்டித்தான் அங்கன்வாடிக்குப் போக வேண்டும், நான் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போனேன். ரொம்ப நாளைக்கு அப்படித்தான் போனேன். ஆனால் அன்றைக்குக் காலையில் ஐஸ் பேக்கை எல்லாம் ஃப்ரீசரிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்த்து, உள்ளே தண்ணீர் ஆடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கேரியரில் அடுக்கினேன். உறைந்தபடியே வைத்தால் பென்டா தடுப்பூசி கெட்டுப்போகும். அந்த வேலை முடிகிற வரைக்கும் வேறு எதுவும் நினைக்கவில்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் ஊசி போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். 'மனசைத் திருப்ப வேலையில் இறங்கினேன்' என்று உங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும் போலிருக்கிறதே, அதற்கு நான் 4 போட்டால் எனக்குத் தவிர்ப்புப் பழக்கம் அதிகம் என்று எழுதுவீர்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கே10 எங்களுக்கு ஒரு பயிற்சியில் கொடுத்தார்கள். முதல் கேள்வியே காரணமில்லாமல் சோர்வாக இருந்ததா என்பது. எங்கள் சோர்வுக்குக் காரணம் இருக்கிறது, பக்கத்து நிலையத்தில் ஆள் போடாததால் அந்த ஊர்களையும் நான்தான் பார்க்கிறேன். அதனால் 'ஒருபோதும் இல்லை' என்று போட்டேன். கூட இருந்த பல பேர் அப்படித்தான் போட்டார்கள். அன்றைக்கு எங்களைப் பார்த்த யாருக்கும் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று தோன்றியிருக்காது.

தரவுத்தோழன்:

அக்கா சொன்னதை அளவீட்டுப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

கார்வரே பிரீஃப் கோப்புக்கு மொத்த மதிப்பெண் என்று ஒன்று கிடையாது என்கிறார். 14 பிரிவுகளையும் தனித்தனியாகப் பார், சேர்க்க வேண்டுமானால் உன் தரவில் எவை ஒன்றோடொன்று சேர்கின்றன என்று சோதித்துவிட்டுச் சேர், இதுதான் அவர் நிலைப்பாடு. ஆறு பிரிவுகளைக் கூட்டி 'தவிர்ப்பு' என்று பெயர் வைப்பது பின்னால் வந்த ஆய்வாளர்களின் வழக்கம். அதிலும் ஒற்றுமை கிடையாது, சிலர் கவனத்தைத் திருப்புவதை வெளியே வைக்கிறார்கள், சிலர் கொட்டித் தீர்ப்பதை வெளியே வைக்கிறார்கள். ஒருவரிடம் அழுது புலம்புவது எந்தக் கணக்கில் தவிர்ப்பு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு, ஆய்வேட்டுத் தேர்வில் யாராவது நிச்சயம் பிடிப்பார்கள். பிரீஃப் கோப்பில் 'என்னையே குறை சொல்லிக்கொண்டேன்', 'சமாளிக்கும் முயற்சியைக் கைவிட்டேன்' என்ற பொருளில் கேள்விகள் இருக்கின்றன. கே10ல் எதற்கும் லாயக்கில்லாதவராக உணர்ந்தது, நம்பிக்கை இழந்தது, எல்லாமே பெரும்பாடாகத் தெரிந்தது என்று இருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விஷயம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் ஒரே பேனாவில் நிரப்பி வாங்கி, 'தவிர்ப்பு கூடினால் உளைச்சல் கூடுகிறது' என்று எழுதினால், உளைச்சலை உளைச்சலோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள் என்றுதான் பொருள். அந்த இரண்டு பிரிவுகளையும் எடுத்துவிட்டு ஒரு தடவை, சேர்த்து ஒரு தடவை கணக்கிட்டு இரண்டையும் காட்டுங்கள். எடுத்ததும் தொடர்பு பாதியாகக் குறைந்தால் அதுவே ஒரு முடிவு, மறைக்காமல் எழுதுங்கள்.

போதைப்பொருள் கேள்விகளுக்கு உங்கள் மாதிரியில் ஏறக்குறைய எல்லோரும் 1தான் போடுவார்கள். கிராமத்தில் வேலை செய்யும் ஒரு செவிலியர் மது என்ற சொல் இருக்கும் கேள்விக்கு வேறு எதையும் போட மாட்டார். எல்லோரும் ஒரே எண்ணைப் போட்டால் அந்தக் கேள்வி எதையும் பிரித்துக் காட்டாது. அப்புறம், ஒரு பிரிவின் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்ட, இரண்டே கேள்விகள் உள்ள பிரிவுக்கு கிரான்பாக் ஆல்ஃபா போடாமல் ஸ்பியர்மன்-பிரவுன் போடுங்கள்.

மாதிரி எண்ணிக்கையையும் பாருங்கள். ஒரே நிலையத்தில் வேலை செய்பவர்களின் பதில்கள் ஒன்று போலத்தான் இருக்கும், அதே மருத்துவ அலுவலர், அதே ஆள் பற்றாக்குறை. நிலையத்துக்கு 12 பேர், அந்த ஒற்றுமையைக் காட்டும் உட்குழுத் தொடர்பு 0.05 என்று வைத்தாலே, மாதிரியைப் பெருக்க வேண்டிய எண் 1.55 வரும். தனியாள் மாதிரிக்கு 200 பேர் போதும் என்றால் உங்களுக்கு 310 பேர் வேண்டும்.

மனவெளி:

நான் மருத்துவ உளவியலாளர். செவிலிஅக்கா கேட்ட கேள்விக்கு என் பதில்: இல்லை, அதை நான் நோய்க்குறியாக எழுத மாட்டேன். தவிர்ப்பு எப்போதுமே கெடுதல் என்பது வினாப்பட்டியல்களின் மதிப்பெண் முறை நம் தலையில் ஏற்றிவிட்ட எண்ணம். சல்ஸும் ஃப்ளெட்சரும் 1985ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குறுகிய காலத்துக்குத் தவிர்ப்பு உதவுகிறது, நீண்ட காலத்துக்கு நேராகக் கவனம் கொடுப்பதுதான் உதவுகிறது என்று வந்தது. ரோத்தும் கோஹனும் 1986ல் எழுதியதும் இதை ஒட்டித்தான்: நம் கையில் இல்லாத விஷயத்தில் ஒதுங்குவது ஆளைக் காப்பாற்றும், நம்மால் மாற்றக்கூடிய விஷயத்தில் ஒதுங்கினால் மாற்றும் வாய்ப்பு போய்விடும். கண்மாய்க்கரை வழியாகப் போனது முதல் வகை. இறந்தவளை எந்த வழியில் போனாலும் திருப்பிக் கொண்டுவந்திருக்க முடியாது.

அதனால் வைகைக்கரை, 'பொதுவாக நீங்கள் பிரச்சினைகளை எப்படிச் சமாளிப்பீர்கள்' என்று கேட்காதீர்கள். கடந்த மாதம் வேலையில் உங்களை ரொம்பப் பாதித்த ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். அதை மாற்ற உங்களால் ஏதாவது செய்ய முடிந்திருக்குமா என்று ஒரு கேள்வி, அதன் பிறகு அந்த ஒரு விஷயத்தை வைத்தே பிரீஃப் கோப். குறிப்பிட்ட சம்பவத்தை வைத்துக் கேட்கும் வடிவத்துக்கு அந்த வினாப்பட்டியல் இடம் கொடுக்கிறது. கையில் இருந்தும் ஒதுங்கியவர்கள், கையில் இல்லாததால் ஒதுங்கியவர்கள் என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் எண்ணுக்கு அர்த்தம் வரும். தவிர்ப்புக்கு ஏஏகியூ-2 என்ற இன்னொரு வினாப்பட்டியலை வைக்கச் சொல்லியும் யாராவது வருவார்கள். ஏழு கேள்விதான், சுலபம். ஆனால் அது தவிர்ப்பை விட உளைச்சலையே அளக்கிறது என்ற விமர்சனம் பலமாக இருக்கிறது, தரவுத்தோழன் சொன்ன குழியிலேயே போய் விழுவீர்கள்.

பிஎச்சிடாக்டர்:

எல்லோரும் தவிர்ப்புக்குப் பரிந்து பேசுவதால் நான் மறுபக்கம் பேச வேண்டியிருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவ அலுவலராக இருக்கிறேன். சம்பவம் நடந்த பிறகு ஒருவர் சுற்றிப் போவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் வேலையில் தவிர்ப்பின் விலையை நோயாளிதான் கொடுக்கிறார்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிலையத்தில் கர்ப்பிணிகள் பதிவேட்டைப் புரட்டினால் ஒரு பக்கம் முழுக்க ரத்த அழுத்தம் 120/80. அடுத்த பக்கமும் 120/80. ஒரு ஊரில் இருக்கும் அத்தனை தாய்மார்களுக்கும் அச்சடித்தது போல ஒரே அளவு வராது. அதில் ஒருத்திக்கு நான் நேரில் பார்த்தபோது 150/100, காலெல்லாம் வீக்கம். யாரோ ஒருவர் அளக்கவில்லை, அல்லது அளந்ததை எழுதப் பயந்தார். எனக்கும் பங்கு உண்டு என்று தெரிந்துதான் சொல்கிறேன், மருத்துவ அலுவலர்களும் சேர்ந்துதான் இதைச் செய்கிறோம், தலைவலி தரும் கோப்பு மேஜையின் அடியில் போகும், குடும்பத்தார் சண்டைக்கு வருவார்கள் என்று தோன்றினால் கேஸைப் பார்க்காமலே ரெஃபர் எழுதுவோம். இதை எந்தக் கேள்வியில் பிடிப்பீர்கள்? பிரீஃப் கோப்பில் சினிமா பார்ப்பது, தூங்குவது எல்லாம் இருக்கிறது. 120/80 எழுதுவது இல்லை.

செவிலிஅக்கா:

சார் சொல்வது உண்மை. நான் அப்படி எழுதியதில்லை, ஆனால் எழுதியவர்களைத் தெரியும், ஏன் எழுதினார்கள் என்றும் தெரியும்.

150/100 என்று எழுதினால் அன்றைக்கே ஹை ரிஸ்க் பட்டியலில் ஏற்ற வேண்டும். ஆன்லைனில் பதிய வேண்டும். தாயை மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், வீட்டுக்காரர் கூலி வேலைக்குப் போய்விட்டால் அவள் தனியாகப் போக மாட்டாள். போகவில்லை என்றால் 'ஏன் ஃபாலோ அப் செய்யவில்லை' என்று கேள்வி அவளுக்கு வராது, அவள் குடும்பத்துக்கு வராது, எனக்குத்தான் வரும். அவள் பத்திரமாகப் பெற்று வந்தால் யாரும் எனக்கு போன் செய்ய மாட்டார்கள். இப்படி இருந்தால் நாளடைவில் சில பேருக்குக் கண் தானாகவே 120/80 பார்க்க ஆரம்பித்துவிடும். அதைச் சரி என்று சொல்லவில்லை, சத்தியமாகத் தப்புதான், ஒரு உயிர் போகும். ஆனால் டாக்டர், அதை அளந்துவிட்டு 'செவிலியர்களிடம் தவிர்ப்பு அதிகம், மன அழுத்த மேலாண்மைப் பயிற்சி பரிந்துரைக்கப்படுகிறது' என்று முடித்தீர்களானால், அடுத்த மாதம் ஒரு நாள் எங்களை ஹாலில் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார்கள். அன்றைக்கு விட்டுப்போன வேலையைச் சாயங்காலம் உட்கார்ந்து முடிப்போம்.

மனவெளி:

இந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவில்தான் உங்கள் ஆய்வேடு இருக்கிறது வைகைக்கரை. உண்மையைச் சொன்னால் அடி விழும் என்று தெரிந்த இடத்தில் ஒதுங்குவதை அந்த ஆளின் குணமாக எடுத்துக்கொண்டு அளந்தால் தவறாகத்தான் வரும். ஏமி எட்மண்ட்சன் 1999ல் மருத்துவமனைக் குழுக்களைப் பற்றிய தன் முந்தைய ஆய்வுகளின் தொடர்ச்சியாக, ஒரு குழுவில் தவறைச் சொன்னால் நம் மேல் பாயாமல் இருப்பார்களா என்று கேட்கும் ஏழு கேள்விகள் கொண்ட அளவுகோலைக் கொடுத்தார். அதையும் சேருங்கள். நிலையவாரியாக அதன் சராசரியை எடுத்துப் பாருங்கள். பயம் அதிகமுள்ள நிலையங்களில் தவிர்ப்பும் அதிகம் என்று வந்தால், பரிந்துரையில் எழுத வேண்டியது ரிவியூ நடத்தும் முறையைப் பற்றி.

தற்காலிகப்பணி:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், ஒன்று சொல்லத் தோன்றியது. நான் லேப் டெக்னீஷியன், ஒப்பந்தப் பணி. படிவத்தில் முதல் பக்கத்தில் என்ன கேட்பீர்கள்? வயது, பால், பதவி, பணிபுரியும் நிலையம், பணி ஆண்டுகள். எங்கள் நிலையத்தில் லேப் டெக்னீஷியன் நான் ஒருத்தன்தான். மருந்தாளுநரும் ஒருவர்தான். பேர் எழுத வேண்டாம் என்று மேலே போட்டுவிட்டு நிலையத்தையும் பதவியையும் கேட்டால் என் பேரைத்தானே எழுதிக் கொடுக்கிறேன்? ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு மேலே இருப்பவர் கையெழுத்து வேண்டும், அவர் வழியாகவே படிவம் வருகிறது. நான் எல்லாவற்றுக்கும் 1 போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். உங்கள் ஆய்வில் எங்கள் மாவட்டமே சந்தோஷமாக இருப்பதாக வரும்.

நிரந்தரமா ஒப்பந்தமா என்று கட்டாயம் கேளுங்கள். சம்பளம், வேலை நேரம், பயம் எல்லாமே அதை வைத்துத்தான். ஆனால் அதையும் நிலையத்தோடு சேர்த்துக் கேட்காதீர்கள்.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வழிகாட்டியிடம் இதையெல்லாம் எடுத்துப் பேசினேன், பெரும்பாலும் ஒப்புக்கொண்டார். ரிவியூ மீட்டிங் வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைகள் மேலதிகாரிக்குக் கீழே வேலை செய்பவர்களின் சம்மதத்தைப் பற்றித் தனியாக எச்சரிப்பதைக் காட்டியதும் அவரால் மறுக்க முடியவில்லை. நானே ஒவ்வொரு நிலையத்துக்கும் நேரில் போய்ப் படிவமும் ஒட்டக்கூடிய உறையும் கொடுப்பேன், வீட்டுக்குக் கொண்டுபோய் நிரப்பி, மாவட்டத் தலைநகரில் இருக்கும் எங்கள் துறைக்குத் தபாலில் அனுப்பலாம். கே10 போடும் முன் சில செவிலியர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியையும் படித்து, மனசில் என்ன ஓடுகிறது என்று சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேட்கப் போகிறேன், சோர்வுக் கேள்வியில் ஆரம்பித்து. பதவியை மூன்று கூட்டங்களாகச் சுருக்கிவிடுகிறேன்: மருத்துவர், களத்துக்குப் போகும் பணியாளர், நிலையத்துக்குள் வேலை செய்பவர்.

ஆனால் தரவுத்தோழன், நிலையத்தின் பெயரே இல்லாவிட்டால் நீங்கள் சொன்ன குழுக் கணக்கை எப்படிப் போடுவது?

தரவுத்தோழன்:

படிவத்தில் நிலையத்தின் பெயர் வேண்டாம், ஒரு குறியெண் போதும். எந்த எண் எந்த நிலையம் என்ற பட்டியல் உங்களிடம் கூட இருக்கக் கூடாது. உறைகளை நிலையவாரியாகக் கட்டுக் கட்டி, உங்கள் துறையில் சம்பந்தமில்லாத ஒருவர் எண்ணைப் போட்டு, பட்டியலைக் கிழித்துவிடட்டும். அந்தக் கட்டுகளை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் எது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும், அதனால் எண் உறைக்கு உள்ளே மட்டும் இருக்கட்டும், வெளியே தெரிய வேண்டாம். நிலையத்தில் ஒரே ஒரு மருத்துவர்தான் என்றால் மருத்துவர் கூட்டத்தைக் குழுக் கணக்கிலிருந்து தனியாகவே வையுங்கள். ஐந்து பேருக்குக் குறைவான எந்தக் கூட்டத்தின் எண்ணையும் அட்டவணையில் அச்சிட வேண்டாம்.

கே10ல் எத்தனை மதிப்பெண்ணிலிருந்து உளைச்சல் என்று கொள்வது என்ற வெட்டுப்புள்ளியையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுங்கள். ஆஸ்திரேலியப் புள்ளியியல் துறை 16 முதல் 21 வரை மிதமான உளைச்சல் என்கிறது. மருத்துவப் பயன்பாட்டில் 20 முதல் 24 வரை லேசான கோளாறு என்று கொள்வார்கள். அப்படியென்றால் 18 வாங்கிய ஒருவர் ஒரு கணக்கில் வருவார், இன்னொன்றில் விடுபடுவார். தரவு வந்த பிறகு தேர்ந்தெடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். என்னைக் கேட்டால் வெட்டாமல் முழு மதிப்பெண்ணையே வைத்துக் கணக்கிடுங்கள்.

முடிந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். ஒரே தடவை கேட்டால் ஒதுங்கியதால் உளைச்சலா, உளைச்சலால் ஒதுங்கினார்களா என்று சொல்லவே முடியாது. அதற்கு ஒரே ஆளின் இரண்டு படிவங்களையும் சேர்க்க வேண்டும், அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு அடையாளச் சொல்லை எழுதச் சொன்னால் போதும். நீண்ட மருத்துவ விடுப்பில் இருப்பவர்களையும் வேலையை விட்டவர்களையும் தேடிப் பாருங்கள், முழுதாக ஒதுங்கிப்போனவர்கள் அவர்கள்தான், நிலையத்துக்குப் போய்க் கேட்டால் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

மனவெளி:

பெயரில்லாத படிவத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 வினாப்பட்டியலைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைக் கேட்கிறது. ஒருவர் 'கிட்டத்தட்ட தினமும்' என்று போட்டு அனுப்பினால் அவரைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வழியே இருக்காது, தெரிந்துகொண்டே கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். கே10ல் அந்தக் கேள்வி இல்லை. அப்படியும் படிவத்தோடு தனித் தாள் ஒன்று போகட்டும், மனநல உதவிக்கு டெலி-மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104, இரண்டு தொலைபேசி எண்களும் பெரிய எழுத்தில். மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் ஒரு ஆலோசகரின் எண்ணும் இருந்தால் நல்லது, மாவட்டத்துக்குள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

பிஎச்சிடாக்டர்:

முடிவுகளை ஆய்விதழுக்கு அனுப்பும் முன் நிலையங்களுக்குக் கொண்டுவந்து சொல்லுங்கள். இதுவரைக்கும் என்னிடம் படிவம் நிரப்பி வாங்கிப்போன எந்த ஆய்வாளரும் திரும்பி வந்து என்ன தெரிந்தது என்று சொன்னதில்லை. மருத்துவ அலுவலர்களுக்கும் எட்மண்ட்சனின் அந்த ஏழு கேள்விகளைக் கொடுங்கள், எங்கள் நிலையத்தில் தவறைச் சொல்ல முடியும் என்று நாங்கள் நினைப்பதும் எங்கள் செவிலியர்கள் நினைப்பதும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று எனக்கே பார்க்க வேண்டும். செவிலிஅக்கா எழுதியதைப் படித்த பிறகு ஹை ரிஸ்க் பட்டியலில் ஏற்றியவருக்கு முதல் கேள்வி போகாமல் இருக்க என் நிலையத்தில் என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஃபாலோ அப் போனை நானே செய்யலாம், இப்போதைக்கு அது என் கையில் இருக்கிறது.

செவிலிஅக்கா:

அது போதும் சார், பெரிய விஷயம்.

டாக்டர், உட்கார்ந்து படித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்றீர்களே, நான் வருகிறேன், எங்கள் பகுதியில் இன்னும் ரெண்டு மூணு பேரைக் கூட்டி வருகிறேன். புதன்கிழமை வேண்டாம். மாதக் கடைசியும் வேண்டாம், ரிப்போர்ட் முடிக்கிற நேரம், அப்போது நிரப்பினால் எல்லோருக்குமே எண் ஏறித்தான் வரும். நீங்கள் நான்கு வாரத்தைத்தானே கேட்கிறீர்கள், எல்லா நிலையத்திலும் ஒரே வாரத்தில் கொடுத்து வாங்கப் பாருங்கள். அந்தச் சோர்வுக் கேள்வியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம்.